ஜெர்மன் கோயில் உண்டியலிலிருந்து பிலிப்பைன்ஸ் நெல்வயல் வரை: மிசேரியோர் எப்படி வேலை செய்கிறது?

வெளிநாட்டுக் கிறிஸ்தவ நிதி என்றவுடன் நம்மில் பலருக்கு இரண்டு விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, அந்தக் காலத்தில் கிறிஸ்தவக் கோயில் வளாகத்தில் வரிசையில் நின்று வாங்கிய அமெரிக்கப் பால்பவுடரும் கோதுமையும். இன்னொன்று, "மதம் மாற்றத்தான் பணம் அனுப்புகிறார்கள்" என்கிற டீக்கடைப் பேச்சு. இந்த இரண்டிலுமே சேராத ஒரு வகை அமைப்பு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் வளர்ச்சி உதவி அமைப்பு என்று அதைச் சொல்லலாம். இங்கிலாந்தில் காஃபோட், அயர்லாந்தில் ட்ரோகரா, ஜெர்மனியில் மிசேரியோர் என்று பணக்கார நாடுகளில் இப்படி ஒன்று இருக்கும். எல்லாவற்றையும் பற்றி எழுதினால் குழம்பிவிடும். அதனால் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தெரியும் மிசேரியோரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதன் வேலைமுறை பிடிபட்டால் மற்றவற்றையும் ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

முதலில் வரலாறு. 1958 ஆகஸ்டில் ஃபுல்டா நகரில் ஜெர்மன் ஆயர்கள், அதாவது பிஷப்புகள், கூடியிருந்தார்கள். கொலோன் பேராயர் கர்தினால் யோசப் ஃப்ரிங்ஸ் அங்கே எழுந்து, உலகத்தில் இத்தனை பேர் பசியாலும் நோயாலும் சாகிறார்கள், நாம் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசினார். இந்த ஃப்ரிங்ஸ் சாதாரண ஆள் இல்லை. போர் முடிந்து ஜெர்மனி இடிபாடாகக் கிடந்த 1946-இல், உறைய வைக்கும் குளிரில், ஆண்டின் கடைசி நாள் பிரசங்கத்தில், வேறு வழியே இல்லாதபோது உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தேவையானதை எடுத்துக்கொள்வது பாவம் இல்லை என்ற பொருளில் பேசிவிட்டார். கேட்க வேண்டுமா? ரயில் வண்டிகளிலிருந்து நிலக்கரி எடுத்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குக் கர்தினாலே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பசி என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அவர் பேச்சைக் கேட்ட நாடும் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்புவரை அமெரிக்க நிவாரணப் பொட்டலம் வாங்கித் தின்ற நாடுதான். அந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பார்த்தால் மிசேரியோர் பிறந்த வேகம் புரியாது.

மாற்கு நற்செய்தியில், மூன்று நாளாகச் சாப்பாடு இல்லாமல் தன்னோடு இருந்த கூட்டத்தைப் பார்த்து இயேசு பரிவு கொள்கிற இடம் வருகிறது இல்லையா, அந்த வசனத்தின் லத்தீன் வடிவத்திலிருந்துதான் அமைப்பின் பெயரை எடுத்தார்கள். 1959 தவக்காலத்தில் முதல் வசூல் நடந்தது. ஒரே ஒரு தடவை செய்வதாகத்தான் திட்டம். வந்த பணம் யாரும் எதிர்பாராத அளவுக்கு இருந்ததால் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். தலைமையகம் பெல்ஜியம், நெதர்லாந்து எல்லையை ஒட்டி இருக்கும் ஆகன் நகரத்தில் இருக்கிறது.

தவக்காலம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்கள் கத்தோலிக்கர்கள் நோன்பிருந்து, அதில் மிச்சமாவதைத் தர்மம் செய்யும் காலம். ஜெர்மனியில் அந்தக் காலத்தின் ஐந்தாம் ஞாயிறு, அதாவது குருத்து ஞாயிறுக்கு முந்தைய வாரம், எல்லாப் பங்குக் கோயில்களிலும் (அந்தந்தப் பகுதிக் கிறிஸ்தவர்களுக்கான கோயில்கள்) விழும் காணிக்கை மிசேரியோருக்குப் போகும். அதோடு பங்கு மண்டபத்தில் எளிய சாப்பாடு போட்டுக் காசு சேர்ப்பார்கள், சில பேக்கரிகள் ரொட்டி விலையில் ஒரு பங்கை ஒதுக்கும், பிள்ளைகளுக்கு அட்டைப்பெட்டி உண்டியல் கொடுப்பார்கள். நம் ஊர்ப் பங்குகளிலும் காரித்தாஸ் இந்தியா தவக்காலத்தில் நிதி திரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே மாதிரிதான்.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலம் முழுக்க பீடத்தை ஒரு பெரிய துணியால் மறைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. அநேக இடங்களில் மறைந்துபோன அந்தப் பழக்கத்தை மிசேரியோர் 1976-இல் மீட்டெடுத்தது. ஆனால் துணியில் ஓவியம் வரையச் சொன்னது ஜெர்மன் ஓவியரை இல்லை, இந்தியரான ஜோதி சாஹியை. அப்போதிலிருந்து ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று ஏழை நாடுகளின் கலைஞர்கள் வரைந்த துணிகள் ஜெர்மன் கோயில்களில் தொங்குகின்றன. 2021-க்கான துணியைச் செய்தவர் சிலி நாட்டைச் சேர்ந்த லிலியன் மொரேனோ சான்செஸ். 2019-இல் சாந்தியாகோ நகரில் நடந்த போராட்டத்தில் எலும்பு நொறுங்கிய ஒருவருடைய பாதத்தின் எக்ஸ்ரேயை எடுத்து, அந்தக் கோடுகளை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பில் கரியால் வரைந்து, போராட்டம் நடந்த சதுக்கத்து மண்ணை அதில் தேய்த்து, தங்க நிற நூலால் தைத்திருந்தார். பூசைக்கு வருகிற ஜெர்மன் பாட்டி நாற்பது நாளும் அந்த உடைந்த பாதத்தைப் பார்த்துக்கொண்டுதான் செபம் சொல்ல வேண்டும். நிதி திரட்டும் விளம்பரம் என்றால் ஒட்டிய வயிறோடு ஒரு குழந்தை படம் போடுவதுதான் உலக வழக்கம். அதைவிட இது எவ்வளவோ கௌரவமான வழி என்பது என் எண்ணம்.

சரி, மதமாற்ற விஷயத்துக்கு வருவோம். ஜெர்மன் கத்தோலிக்கத் திருச்சபை வேலைகளைத் தனித்தனி அமைப்புகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மறைபரப்புப் பணிக்கு 'மிசியோ'. லத்தீன் அமெரிக்காவின் திருச்சபைப் பணிகளுக்கு 1961-இல் தொடங்கிய 'அத்வேனியாத்'. கிழக்கு ஐரோப்பாவுக்கு 1993-இல் வந்த 'ரெனோவாபிஸ்'. மிசேரியோரின் வேலை வறுமை, பசி, நோய், அநீதி. அதன் பணத்தில் மறைபரப்பு செய்யக்கூடாது என்பது தொடக்கத்திலிருந்தே உள்ள விதி. உதவி பெறுபவர் எந்த மதம், எந்த இனம் என்று பார்க்கக்கூடாது என்பதும் அப்படியே. உள்ளூரில் கூட்டாளிகளாக இருப்பவர்களில் மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கங்களும் கன்னியர் சபைகளும் உண்டு, திருச்சபையோடு சம்பந்தமே இல்லாத விவசாயச் சங்கங்களும் மனித உரிமை அமைப்புகளும் உண்டு. நோக்கத்துக்குக் கிறிஸ்தவ நம்பிக்கைதான் காரணம் என்பதை அவர்கள் மறைப்பதே இல்லை. ஆனால் நோக்கத்துக்குக் காரணம் எது என்பது வேறு, பணத்தை எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

விதி இருந்தால் போதுமா, கண்காணிப்பது யார் என்று கேட்டால், அதற்குப் பதில் பணம் வரும் வழியிலேயே இருக்கிறது. தவக்காலக் காணிக்கையும் தனிநபர் நன்கொடையும் ஒரு பக்கம், திருச்சபையின் சொந்த நிதியிலிருந்து வருவது இன்னொரு பக்கம். ஆனால் பெரிய பங்கு, பாதிக்கும் மேல், ஜெர்மன் அரசாங்கத்தின் பணம். ஆமாம், அரசாங்கம்தான். வளர்ச்சி உதவிக்கென்று மேற்கு ஜெர்மனியில் 1961-இல் தனி அமைச்சகம் வந்தது. அடுத்த வருடமே கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு பெரிய திருச்சபைகளுக்கும் இதற்கென ஒவ்வொரு மையம் அமைத்து, அவற்றின் வழியாக அரசு நிதி கொடுக்கத் தொடங்கினார்கள். அரசால் நேரடியாகப் போக முடியாத ஊர்களில் இவர்களுக்கு ஆள் இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது என்பதே காரணம். எந்தத் திட்டத்துக்குக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் திருச்சபை மையமே முடிவு செய்யும். ஆனால் வரிப்பணம் என்பதால் வழிபாட்டுக்கோ மறைபரப்புக்கோ ஒரு காசு போகக்கூடாது, கணக்கு தணிக்கையில் நிற்க வேண்டும்.

இனி, பணம் எப்படிக் கிராமத்துக்குப் போகிறது என்பது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா என்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் மிசேரியோரின் உதவி நடக்கிறது, ஆனால் அங்கெல்லாம் மிசேரியோர் சொந்தமாகத் திட்டம் நடத்துவதில்லை. வெள்ளை ஜீப்பில் வந்து இறங்கி, கிணறு தோண்டி, பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போவது அதன் பழக்கம் இல்லை. அந்த நாட்டு அமைப்பு ஒன்று, "எங்கள் பகுதியில் இதுதான் பிரச்சினை, இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறோம், எங்கள் பங்கு இவ்வளவு, உங்களிடம் கேட்பது இவ்வளவு" என்று விண்ணப்பம் எழுத வேண்டும். அதை ஆகனில் அந்த நாட்டுக்குப் பொறுப்பானவர் படிப்பார், கேள்வி கேட்பார், நேரில் போய்ப் பார்ப்பார், அல்லது உள்ளூர் ஆலோசகரை அனுப்புவார். ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் மூன்று வருடம் போல ஒரு கட்டத்துக்கு ஒப்பந்தம். பணம் தவணையாக வரும். முந்தைய தவணைக்குக் கணக்கும் அறிக்கையும் போனால்தான் அடுத்தது. கட்டம் முடிந்ததும் மதிப்பீடு செய்து, தேவைப்பட்டால் இன்னொரு கட்டம். அந்த மாதிரி ஒரே கூட்டாளியோடு இருபது முப்பது வருடம் ஓடுவதும் உண்டு.

இதில் யோசிக்க வேண்டிய இடம் 'விண்ணப்பம்' என்பதுதான். என்ன வேண்டும் என்று சொல்கிறவர் கிராமத்துப் பக்கம் இருக்கிறார், பணத்தைப் பிடித்திருக்கிறவர் ஆகனில் இருக்கிறார். திட்டத்தை ஐரோப்பாவில் உட்கார்ந்து யோசித்து இறக்குமதி செய்வதைவிட இது நல்லது. ஆனால் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் பணம் கிடைக்கும் என்பதும் உண்மைதான். இலக்கு, அதை அளக்கும் குறிகாட்டி, விளைவு என்று கட்டம் கட்டமாக எழுதச் சொல்கிறார்கள். காட்டுக்குள் இருக்கும் ஒரு பழங்குடிக் குழு இதை எப்படி எழுதும்? நடுவில் படித்த ஒருவர் வந்து நிற்பார். அவர் நல்லவராக இருந்தால் சரி.

நன்றாக நடந்த ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பிலிப்பைன்ஸ். ஐ.ஆர். 8 நெல்லைத் தெரியாத தமிழ் விவசாயி கிடையாது. அது பிறந்த இடம் அங்கே லாஸ் பன்யோஸ் நகரத்தில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். 1966-இல் வெளிவந்தது. விளைச்சல் கூடியது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் கூடவே உரக்கடை, பூச்சிமருந்துக் கடை, இரண்டிலும் கடன். அம்மாவும் பாட்டியும் பானையில் வைத்திருந்த விதை காணாமல் போனது. நம் டெல்டாவில் நடந்த அதே கதை. 1985-இல் அங்கே விவசாயிகளும் அவர்கள் பக்கம் நின்ற சில விஞ்ஞானிகளும் கூடிப் பேசி, நெல் ஆராய்ச்சியை விவசாயி கைக்கே கொண்டுவர வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த அமைப்பின் பெயர் மசிபாக். தொடக்க காலத்திலிருந்தே அதற்குத் தோள் கொடுத்தவர்களில் மிசேரியோர் முக்கியமானது.

அவர்கள் செய்வது என்ன தெரியுமா? ஊரில் ஒரு துண்டு நிலத்தைப் பரிசோதனை வயலாக ஒதுக்கி, ஐம்பது ரகம் போல நெல்லைப் பக்கம் பக்கமாக நடுவார்கள். உரக்கடைச் சரக்கு எதுவும் கிடையாது. பருவம் முழுக்க அக்கம்பக்கத்து விவசாயிகள் வந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எது சாய்கிறது, எது பூச்சிக்குத் தாங்குகிறது, எதன் சோறு ருசி என்று அவர்களே தேர்ந்தெடுத்து, விதையை இலவசமாகப் பகிர்ந்துகொள்வார்கள். அதற்கு மேல் ஒரு படி போய், இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் உருவாக்கவும் கற்றுக்கொண்டார்கள். நெல் பூவில் இப்படிக் கலப்பது சின்ன வேலை இல்லை. பூ விரிவதற்கு முன்னால் கதிரை எடுத்து, ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் கத்தரியால் வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, காகித உறை போட்டு மூட வேண்டும். மறுநாள் பூ விரிகிற காலை நேரத்தில் இன்னொரு ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து அதன் மேல் தட்டி மகரந்தத்தைத் தூவ வேண்டும். தப்பாமல் பிடித்தால் சில மணிகள் கிடைக்கும். அதை விதைத்து, பொறுக்கி, மறுபடி விதைத்து என்று பல பருவங்கள் ஓடிய பிறகுதான் ஒரு ரகம் நிலைக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை "விளைவு என்ன?" என்று கேட்கிற நிதி உலகத்தில், இப்படிப் பொறுமையான வேலைக்குக் காசு கிடைத்ததே ஆச்சரியம்தான்.

2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 840 விவசாயிகளிடம் கணக்கெடுத்தது. முழுக்க இயற்கை முறைக்கு மாறியவர்களின் நெல் விளைச்சல் ரசாயன முறைக்காரர்களின் விளைச்சலுக்குக் கிட்டத்தட்டச் சமம். செலவு குறைவு என்பதால் கையில் நின்ற பணம் அதிகம். சாப்பாட்டில் காய்கறி, பழம், மீன் வகைகளும் கூடியிருந்தன. அந்த ஆய்வுக்கு ஆதரவு கொடுத்ததும் மிசேரியோர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் அப்படித்தான் படித்தேன், என்றாலும் விதைச் செலவும் உரச் செலவும் குறைந்தால் கடன் குறையும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இது மட்டும்தானா என்றால், இல்லை. பலர் கவனிக்காமல் விடுகிற இன்னொரு பாதி இருக்கிறது, அது ஜெர்மனிக்குள் நடக்கும் வேலை. 1958-இலேயே ஃப்ரிங்ஸ், பசித்தவனுக்குக் கொடுத்தால் மட்டும் போதாது, அதிகாரத்திலும் பணத்திலும் இருப்பவர்களின் மனசாட்சியிடமும் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார். 1975-இல் தொடங்கிய கேபா என்கிற நியாய வணிக நிறுவனத்தில் மிசேரியோர் ஒரு பங்குதாரர். காபி, தேயிலை, கொக்கோவை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களிடம் நியாயமான விலைக்கு வாங்கி விற்கிற கம்பெனி அது.

இதைவிடக் காரமான உதாரணம் பிரேசிலில். 2019 ஜனவரி 25 அன்று மினாஸ் ஜெராயிஸ் மாநிலம் புருமாதின்யோவில் ஓர் இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, சேற்றில் புதைந்து 270 பேர் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் அந்த அணை உறுதியாக இருக்கிறது என்று ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் பிரேசில் கிளை சான்று கொடுத்திருந்தது. அதே வருடம் அக்டோபரில், இறந்தவர்களின் உறவினர் ஐந்து பேரோடு சேர்ந்து, பெர்லினைச் சேர்ந்த ஒரு மனித உரிமைச் சட்ட அமைப்பும் மிசேரியோரும் அந்த ஜெர்மன் நிறுவனத்தின் மேல் ஜெர்மனியில் புகார் பதிவு செய்தன. பொருளின் விநியோகச் சங்கிலியில் நடக்கும் உரிமை மீறலுக்கு ஜெர்மன் கம்பெனிகளும் பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டத்துக்காகப் போராடிய கூட்டணியிலும் மிசேரியோர் இருந்தது. 2021-இல் சட்டம் நிறைவேறி 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. கம்பெனிகளின் அழுத்தத்தில் அதை நீர்த்துப்போக வைக்கும் முயற்சிகளும் உடனே கிளம்பின, அது வேறு விஷயம். ஒரு சர்ச் தர்ம அமைப்பு எதற்குக் கோர்ட், சட்டம் என்று அலைகிறது என்று ஜெர்மனியிலேயே சிலர் முணுமுணுக்கிறார்கள். என்னைக் கேட்டால், சேற்றில் வீடு போனவனுக்குக் கூடாரம் கொடுப்பது மட்டும்தான் தர்மம் என்றால் அடுத்த அணைக்கும் கூடாரம் தயாராக வைத்திருக்க வேண்டியதுதான்.

இந்தியாவில் என்ன நிலைமை? இங்கே மிசேரியோருக்குப் பழைய உறவுகள் நிறைய. ஆதிவாசி நில உரிமை, சிறுதானியம், நகர்ப்புறக் குடிசைவாசிகள் என்று பல தளங்களில் வேலை நடந்திருக்கிறது. ஆனால் எந்த வெளிநாட்டுப் பணமும் எஃப்.சி.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாகத்தான் வர முடியும். 2020 திருத்தத்தில் மூன்று மாற்றங்கள் வந்தன. பணம் முதலில் புது டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. மூன்றாவதுதான் பெரிய அடி: ஓர் அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னோர் அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது. அதற்கு முன்னால், கணக்கும் அறிக்கையும் எழுதத் தெரிந்த ஒரு பெரிய அமைப்பு வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். விண்ணப்பம் எழுதத் தெரியாத பிரச்சினையைத் தீர்க்க இருந்த வழியே அதுதான். அது அடைபட்டதும் அடிமட்டத்தில் இருந்த குழுக்கள்தான் முதலில் காய்ந்துபோயின.

ஆகன் பக்கத்திலும் கஷ்டங்கள் உண்டு. 2022-இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜெர்மன் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு முறைப்படி விலகினார்கள். அங்கே உறுப்பினராக இருந்தால் வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரி கட்ட வேண்டும், அதனால் விலகல் என்பது அரசுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு விலகுவது. பாலியல் துஷ்பிரயோக விவகாரங்களில் திருச்சபை நடந்துகொண்ட விதத்தில் ஏற்பட்ட கோபம் ஒரு பெரிய காரணம். கோயிலுக்கு வருகிறவர்கள் குறைந்தால் ஐந்தாம் ஞாயிறு உண்டியலும் மெலியும். இன்னொரு பக்கம், சமீப வருடங்களில் ஜெர்மன் அரசு வளர்ச்சி உதவி அமைச்சகத்தின் பட்ஜெட்டையும் வெட்டத் தொடங்கியிருக்கிறது. பாதிக்கும் மேல் அரசுப் பணத்தை நம்பி இருப்பதன் ஆபத்து இதுதான், கை நீட்டி வாங்கும்போது தெரியாது. உண்டியல் பணத்துக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு: அரசு நிதியால் தொட முடியாத, உடனடி பலன் காட்ட முடியாத, கொஞ்சம் வம்பான வேலைகளுக்கு அதைத் தைரியமாகக் கொடுக்கலாம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் முதலில் வெட்டு விழப்போவது அந்த மாதிரி வேலைகளுக்குத்தான் என்பது என் கணிப்பு.